அதே இடம், அதே சைஸ், ஆனால் கலரில்!

உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு நான் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்துவிட்டேன்.

ஆமாம், நான்தான். வாராவாரம் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கெல்லாம் புத்தி சொல்வேனே... அதே நான்தான். இந்த வாரம் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையைச் சொல்லப்போகிறேன். கொஞ்சம் கோபமாகவும் இருக்கிறேன். எதன்மீது என்று போகப் போகத் தெரியும்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. திருவிடைமருதூரிலிருந்து ஒரு மனிதர் பூதலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வந்து இறங்குகிறார். ஒரு கையில் ரோஜா மாலை. இன்னொரு கையில், சாவு வீட்டுக்குத் தாய்வீட்டார் எடுத்துப்போகும் கோடித்துணி. பஸ்ஸில் வரும்போதே அழுது அழுது முகம் வீங்கியிருக்கிறது. தங்கை வீட்டு வாசலில் பந்தல் இல்லை, கூட்டம் இல்லை. ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. யாருக்காக மாலை வாங்கி வந்தாரோ, அந்தத் தங்கை மகள் அதில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருக்கிறாள்.

"வா... மாமா. மாலை... யாருக்கு? எனக்கா?" என்று கேட்டாளாம்.

அவள் பெயர் தர்ஷினி. பதினொரு வயது. அவளுக்குத்தான் நான் அஞ்சலி செலுத்தியிருந்தேன்.

எப்படி நடந்தது? முதலிலிருந்து வருகிறேன்.

பூதலூரில் ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருவர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு பழைய நெல் குடோன் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். கை, கால் அசைப்பதில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்காக அங்கே ஒரு பகல் நேர மையம் ஆரம்பித்தார். பிசியோதெரபி உண்டு, பாடம் உண்டு, மதியச் சாப்பாடு உண்டு. பிள்ளைகளைக் கேட்டால் எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைச் சொல்வார்கள்... கேரம் போர்டு உண்டு. சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவர ஒரு பழைய வேன். ஓட்டுவது ஜாஃபர் பாய். வளைகுடாவில் பத்து வருஷம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர்.

அந்த வேன் பொங்கல் முடிந்த மறுவாரம் நடுரோட்டில் நின்றுவிட்டது. இன்ஜின் போய்விட்டது. டயர் நான்கும் ஏற்கெனவே மொட்டை. பேட்டரியைப் பற்றி ஜாஃபர் பாய் பேசவே விரும்பவில்லை.

வேன் இல்லாவிட்டால் என்ன, பஸ் இல்லையா என்று கேட்பீர்கள். தர்ஷினிக்குப் பிறந்ததிலிருந்தே கால் இரண்டும் விறைப்பு. இரண்டு வருஷமாகத் தினமும் தசையை நீவி, இழுத்து, பயிற்சி கொடுத்து, இப்போதுதான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து கரும்பலகைவரை நடக்கிறாள். பயிற்சி நின்றால் கால் மறுபடி இறுகிவிடும் என்று தெரபிஸ்ட் சொல்லிவிட்டார். அம்மா மகேஸ்வரி வயல் வேலைக்குப் போகிறவர். பதினொரு வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு தினமும் இரண்டு பஸ் மாறினால், வேலைக்கு எப்போது போவது? ஆக, வேன் ஓடினால் தர்ஷினி நடப்பாள். ஓடாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

டீச்சர் எனக்கு போன் செய்தார். சென்னையில் சோப்புக்கும் ஊறுகாய்க்கும் விளம்பர வாசகம் எழுதிப் பிழைத்தவள் நான். தஞ்சாவூருக்குக் குடிவந்த பிறகு சின்னச் சின்ன அறக்கட்டளைகளுக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுக்கிறேன். சம்பளம்? ஒரு டம்ளர் காபி.

"மேடம், ஜனங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னே எனக்குத் தெரியல. இத்தனை வருஷ சர்வீஸ்ல ஹோம்வொர்க்கத் தவிர யாருகிட்டயும் நான் எதுவும் கேட்டதில்ல" என்றார் டீச்சர்.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? நேரே பூதலூர் போய், வேனைப் பார்த்து, பிள்ளைகளோடு அரை நாள் உட்கார்ந்திருக்கவேண்டும். செய்தேனா? இல்லை. ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன்!

'சிறிய தொண்டு நிறுவனங்கள் நிதி திரட்டுவது எப்படி?' என்று ஒரு வகுப்பு. கோட் போட்ட ஒரு நிபுணர் திரையில் வந்தார். "ஒரு முகம், ஒரு கண்ணீர், ஒரு கேள்வி. அவ்ளோதாங்க. டோனர் கையில இருக்கற காபி அப்படியே நிக்கணும். சிரிக்கற குழந்தைக்கு எவன் பணம் குடுப்பான்? படத்தை பிளாக் அண்ட் ஒயிட்ல போடுங்க. சோகம் தூக்கலாத் தெரியும்."

குறிப்பெடுத்தேன். அடிக்கோடு வேறு போட்டேன். இருபது வருஷம் ஊறுகாய் விற்றவளுக்கு அது புதிதாகவா இருந்தது? இல்லை. நாக்கில் நீர் வரவைக்கும் வித்தை எனக்குத் தெரியும். கண்ணில் நீர் வரவைப்பதும் அதே மாதிரிதானே என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சரை போனில் இருக்கும் படங்களையெல்லாம் அனுப்பச் சொன்னேன். கொத்தாக வந்தன. எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஈ என்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தேடித் தேடி ஒன்று கிடைத்தது. தர்ஷினி. கன்னத்தில் கண்ணீர், உதடு பிதுங்கி, கண் நேரே கேமராவைப் பார்த்தபடி. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு குழந்தை அழுவதைப் பார்த்து 'ஆஹா' என்று சொன்னேன்.

அவள் அம்மாவிடம் கேட்டேனா? கேட்கவில்லை. சேர்க்கைப் படிவத்தில் 'படம் எடுத்துக்கொள்ளலாம்' என்று கையெழுத்து இருக்கிறது, அது போதும் என்று நினைத்தேன். படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, 'என் கண்ணீரைத் துடைக்க உங்கள் கரம் நீளுமா?' என்று எழுதி, அவள் பெயர், வேன் ரிப்பேர் விவரம், டீச்சரின் போன் நம்பர் எல்லாம் சேர்த்து, ஃப்ளெக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மாலையில் கடைக்காரர் டிசைனைத் திருப்பி அனுப்பினார். சமையலறையில் நின்றபடி, வெங்காயக் கையோடு, கண்ணாடி போடாமல், போனில் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்ததைப் பார்த்து 'ஓகே' போட்டேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நம் பக்கத்து ஃப்ளெக்ஸ் கடைகளில் டிசைன் என்பது தயாராகவே இருக்கும். கல்யாணத்துக்கு ஒன்று, மஞ்சள் நீராட்டுக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று... முகத்தையும் பெயரையும் மாற்றினால் போதும். கடைக்காரர் என் கருப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தார். 'கண்ணீர்' என்ற சொல்லைப் பார்த்தார். இதற்குமேல் படிக்க என்ன இருக்கிறது? இரண்டு மூலையிலும் எரியும் குத்துவிளக்கு. சுற்றிலும் பூ பார்டர். கீழே 'செல்வி தர்ஷினி' என்று பெயர். 'கண்ணீர்' மட்டும் பெரிய எழுத்தில். மற்றதெல்லாம் எறும்பு எழுத்தில்.

பின்னால் போய்ச் சண்டை போட்டேன். "மேடம், பிளாக் அண்ட் ஒயிட் போட்டோன்னா எங்ககிட்ட ஒரே டிசைன்தான். நீங்கதான் ஓகே போட்டீங்க" என்றார்.

ஸ்டேஷன் போகும் சாலையில், முறைப்படி அனுமதி வாங்கி, ஒரு கடையின் பக்கவாட்டுச் சுவரில் பேனர் ஏறியது. அறுவடை மெஷின்களும் நெல் மூட்டை டிராக்டர்களும் போகும் சாலை. போகிற போக்கில் யார் நின்று எறும்பு எழுத்தைப் படிப்பார்கள்? விளக்கைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள். "அடப்பாவமே, சின்னப் புள்ளையாச்சே" என்று போய்விட்டார்கள். ஒருவர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். அது எங்கெங்கோ சுற்றி, திருவிடைமருதூரில் இருக்கும் தாய்மாமன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் மகேஸ்வரிக்கு போன் அடித்திருக்கிறார். வயலில் இருந்தவர் எடுக்கவில்லை. எடுக்காததே அவருக்கு உறுதியாகிவிட்டது. மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

வந்தவர் வாசலிலேயே மண்ணில் உட்கார்ந்து குழந்தையைக் கட்டிக்கொண்டு கதறியிருக்கிறார். தர்ஷினி என்ன செய்தாள் தெரியுமா? மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மாமாவின் போனைப் பிடுங்கினாள். ஒரு செல்ஃபி எடுத்தாள்! கை நடுக்கத்தில் படம் கோணல். மாமா முகம் பாதிதான் வந்திருக்கிறது. இவள் மட்டும் வாய்கொள்ளாமல் சிரிக்கிறாள்.

மறுநாள் காலை மகேஸ்வரி மையத்துக்கு வந்தார். நானும் இருந்தேன், டீச்சர் வரச்சொல்லியிருந்தார். கத்துவார், திட்டுவார் என்று தயாராக நின்றேன். அவர் கத்தவில்லை. பேனரின் படத்தைப் போனில் எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"இது நீங்க எழுதுனதுங்களா?"

"ஆமாம்மா. தப்பு நடந்துபோச்சு. விளக்கெல்லாம் கடைக்காரர்..."

"விளக்க விடுங்க. என் அண்ணன் மாலையோட வந்து நின்னுச்சு, அதையும் விடுங்க. உப்பு மிளகா சுத்திப் போட்டுட்டேன். நான் கேக்கறது வேற. எம் பொண்ணு எதுக்கு அழுதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது.

"அன்னிக்கி கேரம்ல தோத்துட்டா. செவப்புக் காயை அந்தச் சந்தோஷுப் பய போட்டுட்டான். அந்தக் கோவத்துல அழுதா. வீட்டுக்கு வந்தும் சோறு திங்கல, நாளைக்கு அவன ஜெயிக்காம விடமாட்டேன்னா. அத எடுத்து நீங்க, ஏதோ கதியில்லாம அழுவுறான்னு ரோட்டுல மாட்டிட்டீங்க."

மகேஸ்வரி போனை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நாங்க இல்லாதவங்கதான். இல்லன்னு சொல்லல. ஆனா எம் பொண்ணு அழுவுறது அவளோடதுங்க. அத நீங்க எப்படி எடுத்துப் போடலாம்?"

இத்தனை வருஷம் எழுதிப் பிழைத்தவள் நான். இப்படி ஒரு வாக்கியம் எனக்கு வந்ததில்லை. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. நல்லவேளை, யாரும் படம் எடுக்கவில்லை.

டீச்சர் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். பேனரை உடனே இறக்கிவிடுகிறோம் என்றேன். மகேஸ்வரி எழுந்தார். "வேன் வந்தாலும் அனுப்புறதா வேணாமான்னு நான் யோசிக்கணும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை, டீச்சரின் போன் அடித்தது. அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய மனிதர். பெயர் வேண்டாம். எங்கள் பேனரை ஒழுங்காகக் கடைசிவரை படித்த ஒரே ஆத்மா அவர்தான்.

டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார். "மனசே கலங்கிப்போச்சும்மா. பழைய வண்டியப் போயி ரிப்பேர் பாப்பானேன்? புது வேனே வாங்கித் தர்றேன். ஒரு விழா வச்சிருவோம். அந்தப் பொண்ணு மேடையில இருக்கணும். வாக்கர் கீக்கர் வேண்டாம், அம்மா தூக்கிட்டு வரட்டும். நான் சாவியக் குடுக்கறப்போ கும்புடணும். அந்த போட்டோல இருக்கற மாதிரியே... அந்த முகம் வரணும். போட்டோகிராபர் நான் கூட்டியாந்துடறேன்."

உண்மையைச் சொல்கிறேன். 'புது வேன்' என்று கேட்டதுமே என் மனசு அதில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துவிட்டது. ஒரு நாள்தானே? ஒரு போட்டோதானே? பதினாலு பிள்ளைகள் பல வருஷம் போவார்களே? உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். தோன்றுவது தப்பில்லை.

டீச்சர் நேரே மகேஸ்வரி வீட்டுக்குப் போனார். நானும் போனேன். டீச்சர் எதையும் மறைக்காமல் சொன்னார். தர்ஷினி நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேன் வேணும் டீச்சர். எனக்கு வேணாம்னு சொல்ல நெஞ்சு வரல" என்றார் மகேஸ்வரி. "ஆனா மேடையில போய் அழுவுற மாதிரி உக்காருடின்னு இவகிட்ட எப்படிச் சொல்லுவேன்? ஏம்மான்னு கேப்பா. நடக்கத் தெரியும்போது ஏன் தூக்கிட்டுப் போறேன்னு கேப்பா. நான் என்ன சொல்லட்டும்?"

தர்ஷினி பேசுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். சொற்கள் ஒவ்வொன்றாக வரும், காத்திருக்கவேண்டும். காத்திருந்தோம்.

"நான்... நடந்துதான்... வருவேன்."

டீச்சர் அங்கேயே நின்றபடி அந்தப் பெரிய மனிதருக்கு போன் செய்தார். "அய்யா, உங்க மனசுக்கு ரொம்ப நன்றிங்க. வேன் வாங்கிக்கறோம். விழாவுக்கும் வர்றோம். ஆனா புள்ள நடந்துதான் மேடைக்கு வரும். கொஞ்சம் நேரமாகும், எல்லாரும் காத்திருக்கணும். சிரிச்சா சிரிச்சதுதான், அழச் சொல்ல எங்களால முடியாதுங்க."

யோசித்துச் சொல்வதாக அவர் சொன்னார். இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கேட்டு வாங்குகிற இடத்தில் இருந்துகொண்டு இவ்வளவு வீறாப்பு ஆகுமா? நிறையப் பேர் கேட்டார்கள். என் வீட்டுக்காரரே கேட்டார். இந்தக் கேள்விமீதுதான் எனக்குக் கோபம். நம் ஊர்க் கோயில்களில் ட்யூப்லைட் பார்த்திருப்பீர்கள். உபயம் செய்தவர் பெயர், ஊர், அப்பா பெயர், கடைப் பெயர் என்று எழுதி எழுதி, கடைசியில் வெளிச்சம் வர இடமே இருக்காது. சாமியே அந்த இருட்டில்தான் நிற்கிறார். பெயர் போட்டுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வேனின் பின்பக்கம் பூராவும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வெளிச்சத்துக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள் ஐயா!

பிள்ளைகளுக்காகக் கேட்கிறோம் என்பதால் பிள்ளைகளையே விலையாக வைக்கவேண்டுமா? மாட்டோம். இதை எல்லாச் சின்ன அறக்கட்டளைக்காரர்களுக்கும் சத்தமாகவே சொல்கிறேன். நீங்கள் பிச்சை எடுக்கவில்லை. ஊர் செய்யவேண்டிய வேலையை ஊருக்காகச் செய்கிறீர்கள். நிமிர்ந்து கேளுங்கள்.

சரி, வேனுக்கு என்ன வழி? வழி சொன்னது நிபுணர் இல்லை. மகேஸ்வரி.

பேனரை இறக்கிவிட்டோம் என்று நான் சொன்னதும், "எதுக்கு எறக்குனீங்க?" என்று கேட்டார். "எம் பொண்ணு செத்துட்டான்னு ஊரே நெனைக்கிது. எறக்கிட்டா சரியாயிடுமா? அதே எடத்துல வைங்க. அதே சைஸ்ல வைங்க. ஆனா கலர்ல வைங்க. அவ இருக்கான்னு ஊருக்குத் தெரியணும்."

"எந்த போட்டோ வைக்கலாம்?" என்று இந்த முறை கேட்டேன். கேட்கவேண்டியவளையே கேட்டேன். தர்ஷினி மாமாவின் போனில் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவைத்திருந்த செல்ஃபியைக் காட்டினாள்.

"ஏய், அது சாவு மாலைடி!" என்று பதறினார் மகேஸ்வரி.

"நான்தான்... சாவலையே" என்றாள் அவள்.



மறுபடி ஃப்ளெக்ஸ் கடை. இந்த முறை பக்கத்திலேயே நாற்காலி போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். "சிரிக்கற போட்டோ, மாலை வேற... தலைவர் பொறந்தநாள் டிசைன்தான் மேடம் கரெக்டா வரும்" என்று கடைக்காரர் இரண்டு பக்கமும் இரண்டு சிங்கங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். எடுக்கச் சொல்ல வாயெடுத்தேன். தர்ஷினிக்கு போனில் காட்டிக் கேட்டோம். சிங்கம் இருக்கட்டும் என்று உத்தரவு வந்தது.

வாசகத்தில் 'கரம் நீளுமா', 'கருணை உள்ளங்களே' எதுவும் கிடையாது. மகேஸ்வரி சொல்லச் சொல்ல எழுதினேன்.

'நான் தர்ஷினி. நல்லா இருக்கேன். படுத்துக் கிடப்பது எங்கள் வேன்தான். நாங்கள் பதினாலு பேர் மையத்துக்கு வரவேண்டும். டயர் நாலு வேண்டும். பேட்டரி ஒன்று வேண்டும். இன்ஜின் வேலை தெரிந்தவர் வேண்டும். நேரில் வந்து வேனைப் பாருங்கள், ஜாஃபர் பாய் இருப்பார்.'

வேண்டியதெல்லாம் பெரிய எழுத்தில். எறும்பு எழுத்தே இல்லை.

பேனர் ஏறிய அன்று டீக்கடையில் பேச்சு முழுக்க அதுதான். "இந்தப் புள்ள போயிடுச்சின்னாங்க?" "எங்க போச்சு, சிங்கத்தோட நிக்குது பாரு!" போய்விட்டதாக நினைத்து உச்சுக்கொட்டிய அத்தனை பேருக்கும், இருக்கிறாள் என்று தெரிந்ததும் ஏதாவது செய்யாமல் இருக்க முடியவில்லை போலிருக்கிறது. முதலில் வந்தவர் ஒரு டிராக்டர் மெக்கானிக். வேனைச் சுற்றி வந்தார், இன்ஜினுக்குள் தலையை விட்டார், ஜாஃபர் பாயிடம் ஒரு பாட்டம் சண்டை போட்டார், மறுநாள் ஆளோடு வந்து இன்ஜினைக் கழற்றினார். டயர் கடைக்காரர் இரண்டு டயரோடு வந்தார், மீதி இரண்டும் அவருடைய மச்சான் கடையிலிருந்து வந்தன. பேட்டரி யார் கொடுத்தது என்று சத்தியமாக இன்னும் தெரியாது. ஒரு காலை வாசலில் இருந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நேரமும் எங்கள் பக்கம் இருந்தது. சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, விவசாயி கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிற மாதம் அது. அதனால் இன்ஜின் சாமான்களுக்கு, நெல் போட்டுவிட்டு வந்தவர்களே கைக்கு வந்ததைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இதே பேனரை ஆற்றில் தண்ணீர் வந்து நடவுக்கு அலைகிற மாதத்தில் வைத்திருந்தால், நல்ல மனசிருந்தும் கையில் ஒன்றும் இருந்திருக்காது. நிபுணர்கள் வருஷக் கடைசியில் கேளுங்கள் என்பார்கள். யாருடைய வருஷம்? நம் ஊரில் வருஷம் வயலைப் பார்த்துத்தான் முடிகிறது.

வேன் கிளம்பிய அன்று நான் போயிருந்தேன். ஜாஃபர் பாய் புதுச்சட்டை போட்டிருந்தார். மகேஸ்வரி வீட்டு முனையில் ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருந்தோம். அனுப்புவதா வேண்டாமா என்று யோசிக்கவேண்டும் என்றாரே, யோசித்துவிட்டாரா?

கதவு திறந்தது. வாக்கர் முதலில் வந்தது. பின்னால் தர்ஷினி. அம்மா பக்கத்தில் வந்தார், தூக்கவில்லை. வாசலிலிருந்து வேன்வரை அவளே நடந்தாள். வேனுக்குள் இருந்த அத்தனை பேரும் காத்திருந்தோம். யாருக்கும் அவசரமில்லை.

மையத்துக்கு வந்ததும் அவள் கேரம் போர்டுக்குப் போனாள். எதிரே சந்தோஷ். உதவியவர்கள் எல்லாருக்கும் நன்றிக் கடிதத்தோடு ஒரு படம் அனுப்பவேண்டும். வேன் என்ன ஆனது, பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று சொல்லாமல் அடுத்த உதவி கேட்கக்கூடாது என்பது டீச்சரின் சட்டம். போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"எடுக்கட்டுமா?" என்றேன்.

கையைக் காட்டி நிறுத்தினாள். முடியைச் சரிசெய்துகொண்டாள். "இப்ப." எடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். "வேணாம். அழிங்க." அழித்தேன். ஏழாவது படத்துக்குத்தான் அனுமதி கிடைத்தது. ஊறுகாய்க் கம்பெனி முதலாளிகூட இவ்வளவு கறார் கிடையாது.

"கீழே என்ன எழுதணும்?" என்று கேட்டேன்.

"தர்ஷினி... ஜெயிச்சுட்டான்னு... போடுங்க."

போர்டைப் பார்த்தேன். சிவப்புக் காய் இன்னும் நடுவிலேயே இருந்தது. "ஆட்டம் இன்னும் முடியலையேம்மா?"

"முடியும்ல?" என்றாள்.

போட்டுவிட்டேன்.